கிரப்ஸ் இரண்டாம் தலைமுறை வினையூக்கி: ஒரு கிராம் குப்பி

மூன்று ஆண்டுகளாக என் முனைவர் பட்ட ஆய்வு இந்தக் குப்பியை நம்பித்தான் நடக்கிறது. உள்ளே செங்கல்லைப் பொடித்தது போல ஒரு தூள், ருத்தேனியம் என்ற உலோகத்தின் சேர்மம். கார்பன்களுக்கு இடையிலுள்ள இரட்டைப் பிணைப்புகளை வெட்டி, துண்டுகளை இடம் மாற்றிக் கோப்பது இதன் வேலை. நீண்ட சங்கிலியின் இரு முனைகளையும் பிடித்து வளையமாக்க இதைவிட நல்ல துணை எனக்குக் கிடைத்ததில்லை.

புதுக் குப்பி வந்ததும் ஒரு சோதனை செய்துவிடுவேன். டைஎத்தில் டைஅல்லைல்மேலோனேட் 240 மி.கி., வினையூக்கி 8.5 மி.கி. அதாவது நூறு மூலக்கூறுக்கு ஒன்று. ஆர்கான் நிரப்பிய குடுவையில் டைகுளோரோமீத்தேன் கரைப்பானை ஊற்றியதும், வளையம் மூடும்போது வெளியேறும் எத்திலீன் வாயு பொடிப்பொடிக் குமிழ்களாகக் கிளம்பும். ஒரு மணி நேரம் கழித்து சேர்மங்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தட்டை பெர்மாங்கனேட்டில் தோய்த்துச் சூடுகாட்டினால், பழைய புள்ளி மறைந்து புதுப் புள்ளி மட்டும் மஞ்சளாக நிற்கும். ஒரு கோடையில் ஒரு விநியோகஸ்தர் பனிக்கட்டிப் பொதி இல்லாமல் அனுப்பிய குப்பியில் தூள் கறுத்திருந்தது. சோதனையும் பாதியில் நின்றது. அதனால்தான் இந்தப் பழக்கம்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. இந்தத் தூளைத் திறந்த மேசையில், சாதாரணத் தராசில் நிறுக்கலாம். இதே வினைக்கு ரிச்சர்ட் ஷ்ராக் என்ற வேதியியலாளர் உருவாக்கிய மாலிப்டினம் வினையூக்கிகள் வேகமானவை. ஆனால் காற்றும் ஈரமும் பட்டால் கெட்டுவிடும், காற்றுப் புகாத குளோவ் பாக்ஸ் பெட்டி வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் அது கிடையாது. இந்த வினையூக்கியை உருவாக்கிய ராபர்ட் கிரப்ஸ் ருத்தேனியத்தை விடாமல் பிடித்திருக்காவிட்டால் நான் இந்தத் துறைக்குள் நுழைந்தே இருக்க முடியாது.

அவர் 1969இல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்; 1978இல் கால்டெக் சென்றார். வினை எப்படி நடக்கிறது என்பதை ஆராய்வதிலும் டைட்டானியம் சேர்மங்களிலும் பல ஆண்டுகள் போயின. தெளிவான அமைப்புள்ள ருத்தேனியம் கார்பீன் (உலோகத்தோடு கார்பன் இரட்டைப் பிணைப்பால் சேர்ந்த சேர்மம்) வந்தது 1992இல்தான். 1995இல் ஊதா நிற முதல் தலைமுறை. 1999இல் அதிலிருந்த பாஸ்பீன் என்ற இரு பாஸ்பரஸ் பகுதிகளில் ஒன்றை எடுத்துவிட்டு நைட்ரஜன் வளையக் கார்பீனை வைத்தார்கள்; அதுதான் என் குப்பியில் இருப்பது. அதை அறிவித்த கட்டுரை வெறும் நான்கு பக்கம். இவ்வினை பற்றிய ஆய்வுக்காக 2005இல் ஈவ் ஷோவன், ஷ்ராக் இருவரோடு அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

குறையும் உண்டு. 14 அணு வளையம் ஒன்றை டொலுவீனில் கொதிக்க வைத்து உருவாக்கினேன். நிறை நிறமாலையில் எதிர்பார்த்த நிறைக்குப் பக்கத்திலேயே 14 அலகு குறைவாக இன்னொரு உச்சி நின்றது. வளையத்தில் ஒரு கார்பனும் அதன் இரு ஹைட்ரஜனும் காணவில்லை! சூட்டில் வினையூக்கி சிதையும்போது உண்டாகும் ருத்தேனியம் ஹைட்ரைடு, வளையம் மூடும் முன்பே முனை இரட்டைப் பிணைப்பை ஓர் இடம் நகர்த்திவிடுகிறது; அதனால் ஒரு கார்பன் கூடுதலாக வெட்டுப்பட்டுப் போகிறது. இரண்டு வாரம் தூக்கமில்லை. தீர்வும் கிரப்ஸ் குழுவின் 2005ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே இருந்தது: நூற்றுக்குப் பத்து மூலக்கூறு என்ற கணக்கில் பென்சோகுவினோன். சேர்த்த அன்றே அந்த உச்சி மறைந்தது. தன் வினையூக்கியின் பலவீனத்தைத் தானே தேடி, தீர்வையும் சொன்ன குழு அது. விளைபொருளில் ஒட்டும் பழுப்பு நிறம் மட்டும் இன்னும் தொல்லைதான். அதை நீக்க, சிலிக்கா நிரப்பிய குழாயில் இரண்டு முறை ஓட்டுகிறேன்.

அந்த நான்கு பக்கக் கட்டுரை ஆயிரக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. ஆனாலும் அந்த எண் குறைவு என்றே சொல்வேன். செய்முறைப் பகுதியில் ‘கிரப்ஸ் 2’ என்று பெயரை மட்டும் எழுதி, மூலக் கட்டுரையைச் சுட்டாமல் விடுவது இன்று பெருவழக்கு. பெயர் பொதுச்சொல்லாகிவிட்டது, மேற்கோள் கணக்கில் அது ஏறாது. மருந்து ஆலையில் ஹெபடைட்டிஸ் சி மருந்தான சிமெப்ரெவிரின் பெருவளையத்தை இதே வகை வினையால் மூடினார்கள். அங்கே தயாரான ஒவ்வொரு கிலோவுக்கும் அடிக்குறிப்பா எழுதினார்கள்? மேற்கோள் எண்ணிக்கையிலிருந்து கணக்கிடும் எச்-இண்டெக்ஸை வைத்து ஆய்வாளர்களை வரிசைப்படுத்துபவர்கள் இந்தக் குப்பியை ஒரு முறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கிரப்ஸ் 2021 டிசம்பரில் காலமானார். என் ஆய்வேட்டில் 1999, 2005 இரண்டு கட்டுரைகளையும் பயன்படுத்திய இடந்தோறும் சுட்டியிருக்கிறேன்.

முதன்முறை வாங்குகிறவர்கள் சிறிய குப்பியாகவே வாங்குங்கள். விலை அதிகம், 100 மி.கி. கூடப் பல வினைகளுக்கு வரும். திறந்து எடுத்ததும் ஆர்கான் ஊதி, மூடியில் பாராஃபிலிம் என்ற மெழுகுப் படலம் சுற்றி, 4 டிகிரி குளிரில் வையுங்கள். கரைசலாக்கி மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.