கேட்டோ யூனிட்ராக் ‘என்’ (N) கேஜ் தண்டவாளமும் அதற்கான வேகன்களும்: ஒரு பலகை யார்டிலிருந்து மதிப்புரை

கேட்டோ நிறுவனத்தின் யூனிட்ராக் என்ற மாதிரி ரயில் தண்டவாளத்தை 120 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் கொண்ட ஒரே பலகையில் பொருத்தி, ஷண்டிங் (வேகன்களைப் பிரித்து, தடம் மாற்றி, வேண்டிய வரிசையில் கோப்பது) மட்டுமே நடக்கும் சிறிய சரக்கு யார்டாக ஓராண்டுக்கும் மேலாக இயக்கி வருகிறேன். குறைந்த இடத்தில் முதன்முறையாக மாதிரி ரயில் அமைப்பவருக்கு இந்தத் தண்டவாளத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். ஆனால் தண்டவாளம் கைக்கு வந்ததும் வேலை பாதி முடிந்துவிட்டது என்று நான் நினைத்தது தவறு. அதன்மீது ஓட வேண்டிய எட்டு வேகன்களைத் தேடிச் சேர்ப்பதற்குத்தான் அதிக மாதங்கள் ஆயின. எனவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்த வேலையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், எதையும் வாங்குவதற்கு முன் திட்டத்தை முடிவு செய்ததுதான். ரயில் வட்டமாகச் சுற்றிவர வேண்டும் என்பதே எல்லோருக்கும் முதலில் தோன்றும் ஆசை. யூனிட்ராக்கில் பரவலாக வாங்கப்படும் வளைவுத் துண்டின் ஆரம் 282 மி.மீ.; அதைக் கொண்டு ஓர் அரைவட்டம் போட்டாலே பலகையின் அகலம் ஏறக்குறைய 60 செ.மீ. வேண்டும். என்னிடம் இருந்தது அதில் பாதி. அதனால் ஆங்கிலேயரான ஆலன் ரைட் வகுத்த இங்கிள்நுக் என்ற திட்டத்தை எடுத்துக்கொண்டேன். தடத்தைப் பிரிக்கும் இரண்டு பாயிண்டுகள், வேகன்களை நிறுத்தும் மூன்று சைடிங்குகள், என்ஜின் முன்னும் பின்னும் போய்வர ஒரு தலைத்தடம் ஆகியவை மட்டுமே அதில் உண்டு. ஒரு சைடிங்கில் ஐந்து வேகன்களும் மற்ற இரண்டில் மும்மூன்று வேகன்களும் நிற்கலாம். தலைத்தடத்தில் என்ஜினும் மூன்று வேகன்களும் மட்டுமே அடங்க வேண்டும். மொத்தம் எட்டு வேகன்களை நிறுத்திவிட்டு, சீட்டுக் குலுக்கி எடுத்த ஐந்தை, எடுத்த வரிசையிலேயே நீண்ட சைடிங்கில் கோத்து நிறுத்த வேண்டும். எட்டிலிருந்து ஐந்தை, வரிசையையும் கணக்கில் கொண்டு தேர்ந்தெடுக்க 6,720 வழிகள் இருப்பதால், ஓராண்டு ஆடியும் எனக்குச் சலிக்கவில்லை.

இந்தத் திட்டத்தில் எல்லா அளவுகளும் வேகனின் நீளத்திலிருந்தே பிறக்கின்றன. தலைத்தடம் ஒரு வேகன் நீளம் கூடுதலாக இருந்தாலே புதிரின் கடுமை போய்விடும். ஒரு வேகன் குறைந்தால் ஆட்டமே நடக்காது. ஆகவே முதலில் வேகனை முடிவு செய்தேன். ஜப்பானிய ரயில்வேயின் வாமு 80000 என்ற இரண்டு அச்சு மூடு வேகன் மாதிரி அளவில் ஏறக்குறைய 65 மி.மீ. வருகிறது, டி.இ.10 டீசல் என்ஜின் 95 மி.மீ. வருகிறது. இரண்டையுமே கேட்டோ தயாரிக்கிறது. என்ஜினும் மூன்று வேகன்களும் சேர்ந்தால் 290 மி.மீ. யூனிட்ராக்கின் நேர்த்துண்டுகள் 248, 186, 124, 62 மி.மீ. நீளங்களில் வருவதால், 248-ஐயும் 62-ஐயும் இணைத்தால் கிடைக்கும் 310 மி.மீ. தலைத்தடத்துக்கு அளந்து வெட்டியது போலப் பொருந்தியது. தடமுடிவில் வண்டியைத் தடுக்கும் முட்டுகளையும் பாயிண்டுகளையும் சேர்த்து மொத்த நீளம் 106 செ.மீ.யில் முடிந்துவிட்டது, மிஞ்சிய இடத்தில் ஒரு சரக்குக் கொட்டகையின் முகப்பை நிறுத்தியிருக்கிறேன்.

இனித் தண்டவாளத்தின் தரத்துக்கு வருகிறேன். தண்டவாளம், ஸ்லீப்பர் கட்டைகள், ஜல்லிப் படுகை மூன்றும் ஒரே துண்டாக வார்க்கப்பட்டிருக்கின்றன. இணைப்பான் தண்டவாளத்தை மட்டுமன்றிப் படுகையையும் பற்றிக்கொள்வதால், மூட்டில் மின்சாரம் விட்டுவிட்டு வருவது என்ற தொல்லை எனக்கு ஒருமுறைகூட ஏற்படவில்லை. முதல் இரு மாதங்கள் மேசைமேல் போட்டு ஓட்டி, மாலையில் கழற்றி வைத்திருக்கிறேன். அத்தனை முறை கழற்றிய பிறகும் இணைப்பான்கள் தளரவில்லை. தளர்ந்தாலும் அவற்றைத் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ள முடியும்.

பாயிண்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிறிய யார்டுக்கு ஏற்ற 4-ஆம் எண் பாயிண்டின் கிளை, 481 மி.மீ. ஆரத்தில் 15 பாகை திரும்புகிறது. நேர்ப்பக்கம் 126 மி.மீ. நீளம் உடையது. கிளையின் முடிவில் அதே ஆரமும் அதே கோணமும் கொண்ட வளைவுத் துண்டைத் திருப்பி மாட்டினால், இரு தடங்களின் இடைவெளி சரியாக 33 மி.மீ. ஆகிறது. யூனிட்ராக்கின் இணைத்தடக் கணக்கும் இதுவே என்பதால் எங்கும் வெட்டவோ இழுத்துப் பொருத்தவோ வேண்டியிருக்கவில்லை. பாயிண்டை நகர்த்தும் மோட்டார் படுகைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அதிலிருந்து வெளியே வருபவை இரண்டே கம்பிகள். மின்சாரத்தின் திசையை மாற்றினால் பாயிண்ட் மாறும். மூன்று கம்பிகளுடன் வரும் பிற நிறுவன மோட்டார்களின் சுவிட்சு இதற்குப் பொருந்தாது என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. அடிப்பக்கத்துத் திருகுகளை மாற்றி வைத்து, பாயிண்ட் திரும்பியிருக்கும் தடத்துக்கு மட்டும் மின்சாரம் போகுமாறு செய்யலாம். நான் அப்படியே வைத்திருக்கிறேன். ஒரு சைடிங்கில் என்ஜினை நிறுத்திவிட்டு இன்னொன்றை வேறு தடத்தில் ஓட்ட இது உதவுகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. துண்டுகளின் வடிவம் மாறாதது. மெல்ல வளைந்து ஓடும் தடத்தின் அழகு வேண்டும் என்பவருக்கு வளையும் தண்டவாளமே ஏற்றது. ஜல்லிப் படுகையின் ஒரே நிறமும் ஒரே சரிவும் பொம்மைத் தோற்றம் தருகின்றன. யார்டு என்பதால் படுகையின் உயரம் வரை சுற்றிலும் நிரப்பி, நீர்த்த பழுப்பு நிறம் பூசி அதை மறைத்தேன்.

வேகன் தேடுவோர் முதலில் அறிய வேண்டியது, ‘என்’ கேஜ் என்பது தடத்தின் அகலத்தை மட்டுமே குறிக்கிறது என்பதுதான். 9 மி.மீ. அகலத் தடம் எல்லோருக்கும் பொது. அதன்மீது நிற்கும் வண்டியின் அளவுகோல் பொதுவன்று. ஐரோப்பிய, அமெரிக்க மாதிரிகள் 1:160, பிரிட்டிஷ் மாதிரிகள் 1:148, ஜப்பானிய மாதிரிகள் 1:150. ஜப்பானிலும் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் மட்டும் 1:160. காரணம் நிஜத் தடத்தில் இருக்கிறது. ஷின்கான்சென் 1,435 மி.மீ. தடத்தில் ஓடுகிறது, அதை 160-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 வந்துவிடும். பழைய ஜப்பானியத் தடம் 1,067 மி.மீ.தான், 150-ஆல் வகுத்தால் 7 மி.மீ.க்குச் சற்று மேல்தான் வரும். ஆகவே என் வாமு வேகன்கள் தங்களுக்குரியதைவிட அகன்ற தடத்தில் நிற்கின்றன. கண்ணுக்கு அது பழகிவிட்டது. ஆனால் 1:160 வேகனையும் 1:148 வேகனையும் அடுத்தடுத்துக் கோத்தால் கூரை உயரமும் கதவின் அளவும் ஒத்துவராமல் உறுத்துகின்றன. எட்டே வேகன்கள் இருக்கும் யார்டில் அந்த உறுத்தலை மறைக்க இடமே இல்லை.

அடுத்தது வேகன்களை ஒன்றோடொன்று கோக்கும் கப்ளிங். 1960-களில் அர்னால்டு நிறுவனம் கொண்டுவந்த கொக்கி வகைக் கப்ளிங் பல நாட்டு மாதிரிகளில் நெடுங்காலம் பொதுவாக இருந்ததால், எந்த நிறுவனத்து வேகனையும் எதோடும் கோக்கலாம் என்ற வசதி கிடைத்தது. ஷண்டிங் செய்பவருக்கு மட்டும் அது உதவாது, ஏனெனில் அதைப் பிரிக்க ஒவ்வொரு முறையும் வேகனைத் தூக்க வேண்டும். 33 மி.மீ. இடைவெளியில் இரு வரிசை வேகன்கள் நிற்கும்போது நடுவில் விரல் நுழைய ஏறக்குறைய 15 மி.மீ.தான் மிஞ்சும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதனால் எட்டு வேகன்களுக்கும் மைக்ரோ டிரெயின்ஸ் நிறுவனத்தின் காந்தக் கப்ளிங்குகளை மாற்றினேன். தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த காந்தத்தின்மேல் வேகனை நிறுத்தி, இழுவையைத் தளர்த்தினால் கப்ளிங் திறந்துகொள்கிறது. பிறகு கோத்துக்கொள்ளாமலே வேகனைத் தள்ளிக்கொண்டு போய் வேண்டிய இடத்தில் விட்டுவிட்டுத் திரும்பலாம். யார்டு உயிர்பெற்றது அன்றுதான்.

ஒரே வகை வேகனை எட்டு வாங்குவதும் சரியன்று. ஒரே தயாரிப்புத் தொகுதியில் வருபவை பெரும்பாலும் ஒரே எண்ணைத் தாங்கி வருவதால், புதிர் ஆடும்போது எது எது என்று தெரியாது. மூடு வேகன், திறந்த வேகன், எண்ணெய் டாங்கி எனக் கலந்தும், நீளத்தை மட்டும் ஒன்றாக வைத்தும் சேர்ப்பதே நல்லது. தயாரிப்பாளர்கள் ஒரு தொகுதி வெளியிட்டு, அது விற்றுத் தீர்ந்தால் மறுபதிப்புக்கு நீண்ட காலம் எடுத்துக்கொள்வதால், இந்தக் கலவைக்குப் பழைய பொருள்களின் சந்தையை நாடாமல் முடியாது.

அங்கே நான் ஏமாந்ததையும் சொல்கிறேன். “ஓட்டிப் பார்த்தவை” என்ற குறிப்போடு ஒருவர் விற்ற ஆறு வேகன்களையும் ஓர் என்ஜினையும் ஒரே மூட்டையாக வாங்கினேன். வேகன்களில் மூன்று விதமான கப்ளிங்குகள் இருந்தன. என்ஜினின் உலோக அடிச்சட்டமோ வீங்கி, நுண்ணிய வெடிப்புகளோடு வந்து சேர்ந்தது. அடிச்சட்டம் வார்க்கப்படும் துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால், ஆண்டுகள் செல்லச் செல்ல உலோகம் உள்ளிருந்தே உதிரும், அதற்கு மருந்தில்லை. இப்போதெல்லாம் அடிச்சட்டத்தின் படத்தையும், வேகனைக் கவிழ்த்து எடுத்த படத்தையும் கேட்காமல் நான் எதையும் வாங்குவதில்லை. அடிச்சட்டம் நடுவில் வளைந்தோ, மேற்கூடு பக்கவாட்டில் பிதுங்கியோ தெரிந்தால் விலகிவிட வேண்டும்.

அந்த மூட்டையிலிருந்து நான்கு வேகன்களைக் காப்பாற்ற முடிந்தது. பழைய சக்கரங்களின் விளிம்பு ஆழமாக இருந்தாலும், யூனிட்ராக்கின் தண்டவாளம் 2 மி.மீ. உயரம் உள்ளதால் அவை எங்கும் இடிக்கவில்லை. இருந்தும் பிளாஸ்டிக் சக்கரங்கள் தடத்தில் அழுக்கைப் படியவைப்பதால் உலோகச் சக்கரங்களாக மாற்றிவிட்டேன். எடை இன்னொரு பாடம். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் பரிந்துரைப்படி, ‘என்’ அளவில் ஒரு வேகனுக்கு அரை அவுன்சும், நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.15 அவுன்சும் எடை வேண்டும், 65 மி.மீ. வேகனுக்கு இது ஏறக்குறைய 25 கிராம். என் வேகன்களோ அதில் பாதிகூட இல்லை. உள்ளே எஃகுத் தகடு ஒட்டி 20 கிராம் வரை ஏற்றியதும், ஐந்து வேகன்களைப் பின்னோக்கித் தள்ளும்போது பாயிண்டில் நேர்ந்த தடம்புரளல் நின்றுவிட்டது.

இன்னும் ஒரு டாங்கி வேகன் மட்டும் மற்றவற்றைவிட 9 மி.மீ. நீளமாக இருக்கிறது. அது மூன்று வேகன் வரிசையில் இருக்கும் நாட்களில் தலைத்தடத்தின் முட்டுக்கும் என்ஜினுக்கும் இடையே ஒரு நகக்கண் அளவு இடமே மிஞ்சுகிறது. அதற்குரிய நீளத்தில் வேறொரு டாங்கி கிடைக்கும்வரை அதையே வைத்து ஓட்டுகிறேன்.