அவா ஒதோரியா, குஜோ ஒதோரியா?

ஆகஸ்ட் நடுவில், முன்னோரை வரவேற்கும் ஒபோன் நாட்களில், ஜப்பானில் ஊருக்கு ஊர் ஆட்டம்தான்; அவர்கள் மொழியில் 'ஒதோரி'. ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் எதற்குப் போவது?

ஷிகோகு தீவின் தொகுஷிமா நகரில் 12 முதல் 15 வரை நடக்கும் அவா ஒதோரி, என்னைக் கேட்டால், கண்ணுக்கு விருந்து. 'ரென்' எனப்படும் குழுக்கள் நன்றாகப் பயிற்சி எடுத்துவிட்டுத்தான் வீதியில் இறங்கும். ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம், மேளம், புல்லாங்குழல் எல்லாவற்றையும் தாளத்தில் பிடித்து வைப்பது 'கனே' என்ற சின்ன வெண்கலத் தட்டு. பெண்களின் காலைப் பாருங்கள்: மரச்செருப்பின் முன்நுனியை மட்டும் ஊன்றி, கைகளை இறக்காமலேயே நகர்வார்கள். மடித்த கோரைத் தொப்பி முகத்தைப் பாதி மறைத்துவிடும். ஆண்களோ கிட்டத்தட்ட அரைமண்டியில், குனிந்தபடியே துள்ளுவார்கள். வெளியாட்கள் ஆட 'நிவாகா ரென்' உண்டு. ஆனாலும் பெரும்பாலோர் பார்ப்பவர்களே.

கிஃபு மாகாணத்து மலையூரான குஜோ ஹாச்சிமனில் கதையே வேறு. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம்வரை முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள். ஆகஸ்ட் 13 முதல் 16 வரை விடிய விடிய. பாடகர்களும் வாத்தியக்காரர்களும் நடுவில் ஒரு மர மேடையில். சுற்றி ஆடுவது யார் வேண்டுமானாலும். மொத்தம் பத்து ஆட்டங்கள். முன்னால் போகிறவரைப் பார்த்துப் பழகிக்கொள்ளலாம். நன்றாக ஆடினால் சான்றிதழ்கூடக் கொடுப்பார்கள்! 2022-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்ட 'ஃபூர்யூ' என்ற பாரம்பரியச் சடங்கு ஆட்டங்களில் இதுவும் ஒன்று.

கலைஞர்களை ரசிக்கத் தொகுஷிமா. கால் சும்மா இருக்காது என்றால் குஜோ. முழங்கால் வலிக்காரர்கள் மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.