சேராத பிளாஸ்டிக்குகளைப் பிடித்து நிறுத்த: கோபாலிமரா, நானோ துகளா?

பாலிப்ரொப்பிலீன், பாலிஸ்டைரீன் என்ற இரண்டு பிளாஸ்டிக்குகளையும் எக்ஸ்ட்ரூடரில் (திருகால் பிசைந்து உருக்கும் இயந்திரத்தில்) உருக்கிக் கலந்தால், ஒன்றுக்குள் மற்றொன்று துளித்துளியாகத்தான் நிற்கும். திருகு அழுத்திப் பிசையும்போது துளிகள் சிறிதாக உடைகின்றன, சரி. ஆனால் அச்சில் வார்க்க மறுபடி உருக்கும்போது துளிகள் கூடிப் பெருத்துவிடும். அப்புறம் வார்த்த பொருள் எளிதில் உடைகிறது.

பழகிய மருந்து பிளாக் கோபாலிமர். பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலி மூலக்கூறுதான் பாலிமர்; வெவ்வேறு பாலிமர் துண்டுகளை ஒரே சங்கிலியாகக் கோத்தால் அது பிளாக் கோபாலிமர். இரண்டு பிளாஸ்டிக்கும் சந்திக்கும் எல்லையான இடைமுகத்தில் உட்கார்ந்து, ஒரு முனையை இந்தப் பக்கமும் மறுமுனையை அந்தப் பக்கமும் நீட்டிப் பின்னிக்கொள்ளும். அந்த எல்லையைச் சுருக்கப் பார்க்கும் இடைமுக இழுவிசை குறைவதால் துளி சிறுக்கும். இரு பக்கமும் ஒட்டவும் செய்யும். 2017இல் கார்னெல், மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் கலவையில் வெறும் 1 சதவீதம் நான்கு தொகுதிக் கோபாலிமரைச் சேர்த்து, சட்டென உடையும் கலவையை நன்றாக இழுபடும் பொருளாக்கினார்கள். ஆனால் ஒவ்வொரு ஜோடிக்கும் பொருத்தமான கோபாலிமரைத் தனியாகத் தயாரிக்க வேண்டும், அதற்குச் செலவு அதிகம். போட்டதில் ஒரு பகுதி இடைமுகத்துக்குப் போகாமல் மைசெல்லாக (தனிக் கொத்தாக) தேங்கியும் விடும். நைலான், ரப்பர் ஜோடிக்கு இந்தத் தொல்லை குறைவு. ரப்பரில் ஏற்றிய மேலிக் அன்ஹைட்ரைடு என்ற சேர்மம் நைலான் சங்கிலியின் அமீன் முனையோடு (நைட்ரஜன் உள்ள முனையோடு) வினைபுரிய, கோபாலிமர் எக்ஸ்ட்ரூடருக்குள்ளேயே உருவாகிவிடும்.

நானோ துகள் வேலை செய்யும் விதமே வேறு. எண்ணெய்த் துளிகளைத் திடத்துகள்கள் சூழ்ந்து காப்பதை 1907இல் வேதியியலாளர் பிக்கரிங் விவரித்தார். உருகிய பாலிமரிலும் அதேதான் நடக்கிறது. 10 நானோமீட்டர் ஆரமுள்ள துகள் இரண்டு பாலிமரையும் சமமாக விரும்பினால், இடைமுக இழுவிசை மீட்டருக்கு 5 மில்லிநியூட்டன் என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். அதை இடைமுகத்திலிருந்து பிடுங்க, 200 டிகிரி செல்சியஸில் உள்ள வெப்ப அசைவின் ஆற்றலைப் போல 200 மடங்குக்கும் மேல் ஆற்றல் வேண்டும். உட்கார்ந்தால் எழாது.

ஆனால் உட்கார வைப்பதுதான் கஷ்டம். பிரான்சில் இதே பாலிப்ரொப்பிலீன், பாலிஸ்டைரீன் ஜோடியில் சிலிக்கா நானோ துகளைப் போட்டுப் பார்த்தார்கள். நீரை விரும்பும் சிலிக்கா பாலிஸ்டைரீனுக்குள் போய் ஒடுங்கியது. நீரை வெறுக்கும்படி மேற்பரப்பை மாற்றிய சிலிக்கா இடைமுகத்திலும் பாலிப்ரொப்பிலீனிலும் தங்கியது. எதை எதில் முதலில் கலக்கிறோம் என்பதும் முக்கியம். துகளைத் தனக்குப் பிடிக்காத பாலிமரில் முதலில் கலந்தால், பிடித்ததை நோக்கி நகரும் வழியில் இடைமுகத்தில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

துகள் துளியின் வடிவத்தைக் காக்குமே தவிர, இரண்டு பாலிமரையும் தைக்காது. அதனால் அடி தாங்க வேண்டிய பொருளுக்கு நான் கோபாலிமரையே எடுப்பேன். மின்சாரம் கடத்த வேண்டும் என்றால் துகள்தான். பாலிஎத்திலீன், பாலிஸ்டைரீன் இரண்டும் இடையறாமல் பின்னிக் கிடக்கும் அமைப்பில் கார்பன் பிளாக்கை (நுண்ணிய கரித்தூளை) இடைமுகத்தில் நிறுத்தினால், எடையில் 0.4 சதவீத அளவிலேயே கடத்தும் பாதை அமைந்துவிடுகிறது. எந்தக் கோபாலிமரும் அதைத் தராது.

எதைத் தேர்ந்தாலும் எக்ஸ்ட்ரூடரிலிருந்து வந்த உடனே எடுத்த நுண்ணோக்கிப் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். மாதிரியை உருகுநிலைக்கு மேல் அரை மணி நேரம் அசையாமல் வைத்துவிட்டு இன்னொரு படம் எடுத்து, துளிகள் பெருத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.