ஐஸ் ஹவுஸ் பாட்டியைத் தேடி

எங்கள் வீட்டில் அவருக்கு ஐஸ் ஹவுஸ் பாட்டி என்றுதான் பெயர். என் தாத்தாவுக்கு அக்கா, அம்மாவுக்கு அத்தை. பதினோரு வயதில் கணவனை இழந்தவர். அவரை மூலையில் உட்கார வைக்காமல், அவருடைய அப்பா கும்பகோணத்திலிருந்து ரயிலேற்றிக் கூட்டிவந்து, சென்னைக் கடற்கரையில் ஒரு வட்டமான கட்டடத்தில் விட்டுவிட்டுப் போனார். அங்கே படித்து, டீச்சராகி, சம்பாதித்து, தம்பி பிள்ளைகளுக்கெல்லாம் பீஸ் கட்டினார். என் அம்மா பட்டதாரி ஆனது அந்தப் பணத்தில்.

நான் பத்தொன்பது வருஷமாக பாஸ்டன் பக்கத்தில் கேம்பிரிட்ஜில் இருக்கிறேன். வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஃப்ரெஷ் பாண்ட் என்று ஒரு பெரிய குளம். இன்றைக்கு ஊருக்குக் குடிநீர் தரும் குளம் அது. 19-ஆம் நூற்றாண்டில் குளிர்காலம் வந்தால் அங்கே குதிரை பூட்டிய கத்தியால் பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி உலகமெங்கும் விற்றார்கள். அந்த வியாபாரத்தின் முதலாளி ஃப்ரெடரிக் டியூடர். 1833-இல் அவருடைய சரக்கு முதல்முறையாகக் கல்கத்தாவுக்குப் போனது. மே மாதம் 180 டன்னோடு பாஸ்டனை விட்ட கப்பல், நாலு மாதம் வெயிலில் மிதந்து போய்ச் சேர்ந்தபோது ஏறக்குறைய 100 டன் கரையாமல் இருந்தது. சென்னையில் சரக்கை இறக்கி வைக்க அவர் 1842-இல் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். நான் தினமும் சுற்றி நடக்கிற குளமும் பாட்டி வளர்ந்த கட்டடமும் ஒரே வியாபாரத்தின் இரண்டு முனைகள் என்று தெரிந்த நாளிலிருந்து, அடுத்த பயணத்தில் அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று மனதில் இருந்தது. இந்த ஜனவரியில் அது நடந்தது.

முதலில் நடைமுறை விஷயங்கள், என்னைப்போல வருகிறவர்களுக்காக. இந்தியச் செல்பேசி எண் இல்லாமல் இன்று சென்னையில் எதுவும் நகராது. வண்டி கூப்பிட, பழைய ஆவணங்களைத் தேட, விண்ணப்பம் போட எல்லாவற்றுக்கும் ஓடிபி. பாஸ்போர்ட், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை), உள்ளூர் முகவரி, புகைப்படம் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்த முதல் நாளே சிம் வாங்கிவிடுங்கள். நான் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டதில் மூன்று நாள் போயிற்று. எங்கும் யுபிஐதான் என்றாலும், ஐம்பது நூறு ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் ரொக்கம் இருப்பது நல்லது.

அம்மாவுக்கு 78 வயது, முழங்கால் வலி. மயிலாப்பூரிலிருந்து செயலி வழியாக ஆட்டோ கூப்பிட்டேன். முதல் ஓட்டுநர் போனில் எங்கே போகணும், எவ்வளவு காட்டுது என்று கேட்டுவிட்டு ரத்து செய்தார். இரண்டாமவரும் அப்படியே. வெயிலில் இருபது நிமிடம் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அப்புறம் தெருமுனையில் நின்ற ஆட்டோக்காரரிடம் போய் விவேகானந்தர் இல்லம் என்றேன். "ஐஸ் அவுஸா? ஏறுங்கம்மா" என்றார். கடைசிப் பாளம் கரைந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அரசு 1963-இல் அதற்கு விவேகானந்தர் பெயரை வைத்தது. ஆனாலும் அந்த வட்டாரத்துக்கும் காவல் நிலையத்துக்கும் ஜனங்கள் வாயிலும் இன்னும் ஐஸ் ஹவுஸ்தான். அம்மாவை இரண்டு கையாலும் பிடித்து ஏற்றி உட்கார வைத்ததும் அந்த ஆட்டோக்காரர்தான்.

காமராஜர் சாலையில் இறங்கியதும் அம்மா கேட்டாள்: "கப்பல் சரக்கு வெக்கற எடத்த ஏண்டி கடலுக்கு இவ்ளோ தூரத்துல கட்டினா?" நியாயமான கேள்வி. கட்டிய காலத்தில் கடல் கிட்டத்தில் இருந்தது. சென்னைக்கு அப்போது துறைமுகம் இல்லை. கப்பல் தள்ளி நிற்கும்; மசூலா படகுகள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும். பிறகு துறைமுகச் சுவர் எழும்பியதும் அதற்குத் தெற்கே மணல் சேர்ந்துகொண்டே போனது. அப்படி விரிந்ததுதான் இன்றைய மெரினா. கட்டடம் நகரவில்லை, கடல்தான் விலகிப் போனது.

சென்னையிலேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கியதும் டியூடர் கம்பெனிக்கு இங்கே வேலை இல்லாமல் போயிற்று. உயர்நீதிமன்ற வக்கீல் பிலிகிரி ஐயங்கார் கட்டடத்தை வாங்கினார். குளிர் வெளியே போகாதபடி அடைத்துக் கட்டிய கிடங்கு அது. அவர் அதில் ஜன்னல்கள் வைத்து, சுற்றிலும் தாழ்வாரம் எடுத்து, மனிதர் குடியிருக்கும் வீடாக்கினார். நீதிபதி கெர்னன் அவருக்கு நண்பர் என்பதால் கெர்னன் கோட்டை என்று பெயர் வைத்தார். ஏழை மாணவர்கள் தங்கிப் படிக்கவும் அங்கே இடம் கொடுத்தார்.

1897 பிப்ரவரி 6-ஆம் தேதி மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் எழும்பூரில் இறங்கினார். வழியில் குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஜனங்களே வண்டியை இந்த வீடு வரைக்கும் இழுத்து வந்தார்கள். ஒன்பது நாள் தங்கினார். அவர் தங்கிய அறை இப்போது தியான அறை. சென்னைக்காரர்கள் கேட்டுக்கொண்டபடி அவர் அனுப்பி வைத்த சசி மகராஜ், அதாவது சுவாமி ராமகிருஷ்ணானந்தர், அதே வருஷம் இங்கே ராமகிருஷ்ண மடத்தைத் தொடங்கினார். 1902-இல் ஐயங்கார் காலமானபின் வீடு ஏலத்துக்கு வந்தது. ஏலம் நடந்தபோது சசி மகராஜ் அதே வளாகத்தில் ஒரு பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருந்தாராம். யார் வாங்கினால் என்ன, குருநாதர் ராமகிருஷ்ணருக்கு ஒரு சின்ன அறை போதும் என்றாராம். புறவீட்டுக்கு ஜாகை மாற்றிக்கொண்டார். 1907-இல் மயிலாப்பூரில் மடத்துக்குச் சொந்த இடம் வந்தது.

நாங்கள் வந்தது இதற்குப் பிறகான ஆட்களுக்காக. சகோதரி சுப்பலட்சுமி 1886-இல் பிறந்தவர். தாமும் சிறு வயதிலேயே கணவனை இழந்தவர். 1911-இல் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்துப் பெண் அவர்தான் என்பார்கள். நாலு விதவைக் குழந்தைகளை வைத்துக்கொண்டு எழும்பூரில் அவர் ஆரம்பித்த இல்லம், சில வருஷங்களில் ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. 1917-இல் அரசாங்கம் கட்டடத்தை வாங்கியது. எதிரே கடல், மேலே வானம், கையில் ஸ்லேட்டு. ஊரில் எதிரே வந்தாலே அபசகுனம் என்று ஒதுக்கிய குழந்தைகள் இங்கே ஓடி விளையாடியிருக்கிறார்கள், பரீட்சை எழுதியிருக்கிறார்கள், வாத்தியாரம்மாவாகி வெளியே போயிருக்கிறார்கள்.

1997-இல் அரசு இந்த இல்லத்தை ராமகிருஷ்ண மடத்திடம் குத்தகைக்குக் கொடுத்தது. 1999-இலிருந்து கண்காட்சி நடக்கிறது. நுழைவுக் கட்டணம் மிகக் குறைவு, தரை பளிச்சென்று இருக்கிறது. அம்மா நடக்கிற விதத்தைப் பார்த்ததும் வாசலிலிருந்த தன்னார்வலர் ஒரு பெண், கேட்காமலே நாற்காலி கொண்டுவந்து போட்டார். "பாட்டிம்மா, மெதுவாப் பாருங்க, அவசரமில்ல" என்றார். அம்மா அவரிடம், "எங்க அத்தை இங்கதாம்மா வளர்ந்தா" என்றாள். அந்தப் பெண் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து முழுக் கதையும் கேட்டார். எனக்கு அந்தப் பதினைந்து நிமிடம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது.

போகிறவர்கள் வரலாற்றைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். சுவாமிஜியின் அறையில் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடாமல், வளைந்த சுவரில் ஒருமுறை கையை வைத்துப் பாருங்கள்.

அடுத்த வாரம் பாட்டியின் படிப்புச் சான்று ஏதாவது கிடைக்குமா என்று பழைய பதிவேடுகள் இருக்கக்கூடிய ஓர் அலுவலகத்துக்குப் போனோம். மூன்று மேசை மாறினோம். இனிஷியல் அப்பா பேரா, புருஷன் பேரா என்று கேட்டார்கள். அம்மாவுக்குத் தெரியவில்லை. எந்தப் பெயரில் அந்தக் குழந்தையைச் சேர்த்திருப்பார்கள் என்று நாங்கள் அதுவரை யோசித்ததே இல்லை. கடைசி மேசையில் வாரிசுச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார்கள். பதினோரு வயதில் தாலியை இழந்த பெண்ணுக்கு வாரிசு ஏது? அம்மா ஒன்றும் பேசாமல் படியிறங்கினாள். எனக்குக் கோபத்தில் கை நடுங்கியது. நூறு வருஷத்துக்கு முந்தைய பதிவைக் குடும்பத்தார் கேட்டால் எடுத்துக்கொடுக்க ஒரு சுலபமான வழி வேண்டும்.

வாசல் வரை எங்களைத் தேடி வந்த ஓர் இளைய ஊழியர், இரண்டு பெயரையும் போட்டுத் தனித்தனியாக விண்ணப்பம் எழுதிக்கொடுங்கள், நானே தேடிப் பார்க்கிறேன் என்றார். அவர் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினோம். அம்மாதான் தன் கையால் எழுதினாள். அத்தை கற்றுக்கொடுத்த குண்டு குண்டான எழுத்து. இரண்டு ரசீதும் அவள் பூஜை அலமாரியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் என் தம்பி போன் செய்து விசாரிக்கிறான்.

நான் திரும்பி வந்தபோது ஃப்ரெஷ் பாண்ட் பாதி உறைந்திருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். "இவ்ளோ தூரமாடி!" என்று பதில் வந்தது.