புதிய பெட்டியா, புதிய துப்பாக்கியா: கன்சோலை விற்பது எது?

வீடியோ கேம் ஆடும் பெட்டியான கன்சோலை என் வாழ்நாளில் சில முறை வாங்கியிருக்கிறேன். அவற்றில் இரண்டு முறை, நேர் எதிரான இரண்டு காரணங்களுக்காக. முதல் முறை ஒரே ஒரு துப்பாக்கி விளையாட்டுக்காக. இரண்டாம் முறை, ஏற்கெனவே வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் சக்தி கூட்டிய வடிவத்துக்காக. கடைக்காரருக்கு இரண்டும் விற்பனைதான். ஆனால் முதல் முறை கன்சோல் உள்ள வீடுகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடியது. இரண்டாம் முறை கூடவில்லை. என் சாய்வை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கன்சோலை விற்பது துப்பாக்கி விளையாட்டுதான், மேம்பட்ட பெட்டி அல்ல. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அந்த நிபந்தனை இப்போது கரைந்துகொண்டிருக்கிறது.

மேம்பட்ட பெட்டியில் படம் கூர்மையாக இருக்கும், விலை கூடுதலாக இருக்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆகவே துப்பாக்கிக்கு வருகிறேன்.

2001 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் முதல் கன்சோலான எக்ஸ்பாக்ஸை வெளியிட்டபோது கூடவே வந்தது ஹேலோ என்ற துப்பாக்கி விளையாட்டு. அந்தப் பெட்டி ஏறத்தாழ 2.4 கோடி விற்றது. அதே காலத்தில் போட்டியிட்ட சோனியின் பிளேஸ்டேஷன் 2 பதினைந்தரைக் கோடியைத் தாண்டியது. ஆக, ஹேலோ பந்தயத்தை வென்று தரவில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் களத்துக்குப் புதிதாக வந்த ஒரு நிறுவனம் இரண்டாவது பெட்டி செய்யும் நிலைக்கு வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

துப்பாக்கி விளையாட்டின் வலிமையையும் பலவீனத்தையும் ஒருசேரக் காட்டும் மாதம் 2007 செப்டம்பர். ஹேலோ 3 அந்த மாதம் 25ஆம் தேதி வந்தது. அமெரிக்காவில் ஆகஸ்டில் சுமார் 2 லட்சத்து 77 ஆயிரம் விற்ற மைக்ரோசாஃப்டின் அடுத்த பெட்டியான எக்ஸ்பாக்ஸ் 360, செப்டம்பரில் 5 லட்சத்து 28 ஆயிரம் விற்றது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆகஸ்டில் விலைக் குறைப்பும் நடந்தது, அதையும் மறைக்கக்கூடாது. ஆனால் அக்டோபரில் விலை மறுபடி ஏறிவிடவில்லை. அப்படியிருந்தும் விற்பனை 3 லட்சத்து 66 ஆயிரத்துக்கு இறங்கியது. அலை அடித்து, ஏறியதில் பாதிக்கு மேல் ஒரே மாதத்தில் வடிந்துவிட்டது. இத்தனைக்கும் நடுவில், துப்பாக்கி விளையாட்டை நம்பியே இராத நிண்டெண்டோ நிறுவனத்தின் வீ கன்சோல் அந்தச் செப்டம்பரில் 5 லட்சத்தைத் தொட்டுவிட்டு, எதுவும் நடவாததுபோல அக்டோபரில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே விற்றது.

அலை ஏன் அடித்தது என்பதற்கு நானே சாட்சி. ஹேலோ 3-இன் கதையை இணையம் வழியாக நான்கு பேர் சேர்ந்து ஆடலாம். என் நண்பர்கள் மூவரிடம் பெட்டி இருந்தது, நான்காவது இடம் காலியாக இருந்தது. விளம்பரமோ வரைகலையோ என்னை இழுக்கவில்லை. அந்தக் காலி இடம்தான் இழுத்தது. தனியாக ஆடும் ஒரு சாகச விளையாட்டை ஆறு மாதம் கழித்து விலை குறைந்தபின் வாங்கலாம். நண்பர்கள் இன்றிரவு ஆடும் விளையாட்டை இன்றிரவே வாங்கியாக வேண்டும்.

நிபந்தனை என்றேனே, அது இதுதான்: அந்த விளையாட்டுக்கு வேறு வாசல், அதாவது அதை ஆட வேறு கருவி, இருக்கக்கூடாது. 2014 மார்ச்சில் டைட்டன்ஃபால் என்ற துப்பாக்கி விளையாட்டு வந்தபோது, 360-க்கு அடுத்த பெட்டியான எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் தலையெழுத்தையே அது மாற்றும் என்று பேசினார்கள். நல்ல விளையாட்டும்கூட. அந்த மாதம் அமெரிக்காவில் எக்ஸ்பாக்ஸ் ஒன் 3 லட்சத்து 11 ஆயிரம் விற்றது, முந்தைய மாதத்தைவிட அதிகம்தான். ஆனாலும் பிளேஸ்டேஷன் 4 முன்னிலையிலேயே இருந்தது. கணினியிலும் டைட்டன்ஃபால் கிடைத்தது. அடுத்த மாதமே பழைய எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் வந்தது. வீட்டில் உள்ள பழைய பெட்டியிலேயே ஆட முடிந்தால் புதியதை யார் வாங்குவார்கள்?

இனி மேம்பட்ட பெட்டி. 2016 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4 புரோ, ஓராண்டு கழித்து எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ், 2024 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 புரோ. புரோ வந்தபிறகு விற்கும் பிளேஸ்டேஷன் 4-களில் ஐந்தில் ஒன்றுதான் புரோ என்று 2017-இல் சோனியே சொன்னது. மீதி நான்கும் சாதாரணப் பெட்டி. துப்பாக்கி விளையாட்டுக்காரனுக்கு இதில் இன்னொரு சிக்கல்: இந்தப் பெட்டிகளில் வரைகலைச் சில்லுதான் பெரிதாக வளர்கிறது, மையச் செயலி கொஞ்சமாகத்தான் முன்னேறுகிறது. டெஸ்டினி 2 என்ற துப்பாக்கி விளையாட்டு அந்தத் தலைமுறையின் சாதாரணப் பெட்டியிலும் நொடிக்கு 30 சட்டகம் (திரையில் மாறும் படம்), புரோவிலும் ஒன் எக்ஸிலும் அதே 30 சட்டகம். சுவரில் உள்ள செங்கல் அழகாகத் தெரியும். குண்டு அதே வேகத்தில்தான் பாயும்.

உண்மையில் எனக்குத் தீர்மானமாகப் படுவது மறுவிற்பனை. மேம்பட்ட பெட்டியை நான் வாங்கிய அன்று, பழைய பெட்டியை நண்பரின் மகனுக்கு விற்றேன். கல்லூரி மாணவன். புதிய சாதாரணப் பெட்டி வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தவன், பாதி விலையில் கிடைத்ததும் என்னுடையதை எடுத்துக்கொண்டான். கணக்கைப் பாருங்கள். நிறுவனம் ஒரு மேம்பட்ட பெட்டி விற்றது, அதே மூச்சில் ஒரு சாதாரணப் பெட்டியின் விற்பனையை இழந்தது. ஆட வந்தவர்களில் ஒருவன் கூடினான், மறுக்கவில்லை. அவன் விளையாட்டுகள் வாங்குவான், சந்தா கட்டுவான், நிறுவனத்துக்கு அதில் லாபம் உண்டு. ஆனால் ‘கன்சோல் விற்பனை கூடியதா’ என்ற கேள்விக்கு இதில் விடை சைபர்.

அதோடு முடியவில்லை. மேம்பட்ட பெட்டியை விற்கும் நாள் வரும்போதுதான் வலிக்கும். 2017-இல் 499 டாலருக்கு வந்த ஒன் எக்ஸின் வரைகலைத் திறன் 6 டெராஃபிளாப் (சில்லு கணக்கிடும் வேகத்தின் அளவு). 2020-இல் 299 டாலருக்கு வந்த அடுத்த தலைமுறையின் சின்ன எக்ஸ்பாக்ஸான சீரிஸ் எஸ் 4 டெராஃபிளாப்தான். காகிதத்தில் பழையது பெரியது. ஆனால் சின்னப் பெட்டியில் புதிய செயலியும் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகமும் இருந்தன. புதிய தலைமுறை விளையாட்டுகள் அதில்தான் வரப்போகின்றன என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பழைய தலைமுறையின் ராஜாவுக்குப் புதிய தலைமுறையின் சிப்பாயைவிட மதிப்புக் குறைவு. நான் கூடுதலாகக் கொடுத்த பணத்தில் மிகச் சிறு பங்கே திரும்பி வந்தது. சாதாரணப் பெட்டியை விற்றபோது அந்த அளவு அடிபடவில்லை.

புதிய வடிவம் விற்பனையைத் தூக்கியதே இல்லையா என்றால், உண்டு. 2009 செப்டம்பரில் மெல்லிய பிளேஸ்டேஷன் 3 வந்தது. அமெரிக்காவில் முந்தைய மாதம் 2 லட்சத்துச் சொச்சமாக இருந்த விற்பனை 4 லட்சத்து 92 ஆயிரமாக ஏறியது. அதில் கூடுதல் சக்தி எதுவும் இல்லை. விலை 299 டாலராக இறங்கியது, அவ்வளவுதான்.

நிண்டெண்டோ பக்கம் என் அனுபவம் மெலிந்தது. அவர்கள் பெட்டி எதையும் நான் சொந்தமாக வைத்ததில்லை. அங்கே துப்பாக்கி என்றால் மை பீய்ச்சும் துப்பாக்கி. அவர்களுடைய ஸ்விட்ச் பெட்டிக்கு மட்டுமே வந்த ஸ்ப்ளட்டூன் 3, 2022-இல் ஜப்பானில் மட்டும் மூன்றே நாளில் 34 லட்சத்து 50 ஆயிரம் விற்றது. வேறு வாசல் இல்லாத விளையாட்டின் பலம் என்ற என் கருத்துக்கு இது ஒத்துப்போகிறது. ஆனால் நான்கைந்து முறை உறவினர் வீட்டில் ஆடியதை வைத்து இதற்கு மேல் பேசுவது முறையல்ல.

வாசல்கள் பெருகினால் என்ன ஆகும் என்பதற்குக் கால் ஆஃப் டியூட்டி என்ற துப்பாக்கி விளையாட்டுத் தொடரே போதும். அதை வைத்திருந்த ஆக்டிவிஷன் பிளிஸார்டை 6,870 கோடி டாலருக்கு வாங்கும் ஒப்பந்தத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தபோது, சோனி பதறியது. இந்த ஒரு தொடர் எந்தக் கன்சோல் வாங்குவது என்பதையே மாற்றும் என்று ஒழுங்குமுறை அமைப்புகளிடம் வாதாடியது. 2023 அக்டோபரில் ஒப்பந்தம் முடிந்தது. ஓராண்டு கழித்து அந்தத் தொடரின் பிளாக் ஆப்ஸ் 6 வெளியான காலாண்டில் எக்ஸ்பாக்ஸ் வன்பொருள் வருமானம் 29 சதவீதம் சரிந்தது. போட்டியாளரின் பெட்டியிலும் அதே விளையாட்டு அதே நாளில் கிடைத்ததே! அதே காலாண்டில் பிளேஸ்டேஷன் 5 விற்பனை, முந்தைய ஆண்டின் 82 லட்சத்திலிருந்து 95 லட்சமாக ஏறியது. 5 புரோ வந்ததும் அப்போதுதான், பண்டிகைத் தள்ளுபடிகள் நடந்ததும் அப்போதுதான். அந்தப் 13 லட்சத்தில் புரோவுக்கும் பங்கு இருக்கலாம். 700 டாலர் கொடுத்து, டிஸ்க் டிரைவும் இல்லாத ஒன்றைத் தன் முதல் பெட்டியாக வாங்கியவர்கள் அதில் பலர் இருப்பார்கள் என்று மட்டும் என்னால் நம்ப முடியவில்லை.

ஹேலோவே பிளேஸ்டேஷன் 5-க்கு வருகிறது என்று 2025 அக்டோபரில் அறிவித்துவிட்டார்கள். இந்தத் தலைமுறையில் நான் சாதாரணப் பெட்டியோடு நின்றுவிட்டேன்.

நண்பரின் மகன் 2024 வரை என் பழைய பெட்டியில்தான் ஆடிக்கொண்டிருந்தான். அந்தப் பிப்ரவரியில் ஹெல்டைவர்ஸ் 2 வந்தது. நான்கு பேர் சேர்ந்து ஆடும் துப்பாக்கி விளையாட்டு, அப்போது பிளேஸ்டேஷன் 5-லும் கணினியிலும் மட்டும். பன்னிரண்டு வாரத்தில் 1.2 கோடி பிரதிகள் போயின. “மாமா, மூன்று பேர் வாங்கிவிட்டார்கள், நான்தான் பாக்கி” என்று தொலைபேசியில் சொன்னான். அடுத்த வாரமே கடையில் புதிய பெட்டி வாங்கிவிட்டான், அவன் வாழ்க்கையில் முதல் முறையாக. என்னுடைய பழையதை யாரோ பள்ளிப் பையனுக்கு விற்றானாம். என்ன விலைக்கு என்று கேட்டேன். சிரித்துப் பேச்சை மாற்றிவிட்டான்.