மே மாதத்துப் புல்வெளி: கொர்கல்ஜின், ஹோர்டோபாகி, மங்கோலியா – எது முதலில்?

ஏப்ரல் பாதி தாண்டினால் தென்மாவட்டங்களில் சூறைக்குருவிக் கூட்டங்கள் குறைந்துகொண்டே வரும். மாலையில் சீமைக்கருவேலங்காட்டுக்கு மேல் புகை மாதிரி சுருண்டு சுருண்டு திரும்பிய பறவைகள் சில நாட்களில் இல்லாமலே போய்விடும். கூந்தன்குளத்து வரித்தலை வாத்துகள் அதற்கும் முன்பே கிளம்பியிருக்கும். கரிசல் காட்டில் தாழப் பறந்த பூனைப்பருந்துகளும் இருக்காது. இவையெல்லாம் போகும் ஊரை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை, பைனாகுலர் பிடித்த எல்லோருக்கும் உண்டு.

புல்வெளியும் ஏரிகளும் சேர்ந்த அந்த நாட்டை வசந்தத்தில் பார்க்க மூன்று இடங்களைச் சொல்வார்கள்: கசகஸ்தானின் கொர்கல்ஜின், ஹங்கேரியின் ஹோர்டோபாகி, அப்புறம் மங்கோலியா. முதல் இரண்டுக்கும் நான் போயிருக்கிறேன். மங்கோலியா இன்னும் பாக்கி. பத்து நாள் விடுப்பு, ஒரே ஒரு பயணத்துக்கான பணம் என்ற கணக்கில்தான் இந்த அலசல்.

எளிதான இடம் ஹோர்டோபாகி. அதில் சந்தேகமே இல்லை. புடாபெஸ்டிலிருந்து ரயில் ஏறினால் சில மணி நேரத்தில் புல்வெளி நடுவில் இறங்கிவிடலாம். பெரிய மீன்பண்ணைக் குளங்களை ஒட்டியே ஒரு ரயில் நிறுத்தம் இருக்கிறது. இறங்கி நடந்தால் நாணல் காடு. காட்சிக் கோபுரங்கள், குளக்கரைப் பாதைகள், சீசனில் ஓடும் சின்ன ரயில் என்று எல்லாமே பறவை பார்ப்பவர்களுக்காக அமைந்தவை. 1973-இல் ஹங்கேரியின் முதல் தேசியப் பூங்காவானது. 1999-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இங்கே ஏரி என்பது பெரும்பாலும் மனிதன் வெட்டிய மீன்குளம்தான். அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. நம் ஊர்ப் பறவைச் சரணாலயங்களில் பாதி, பாசனத்துக்கு வெட்டிய கண்மாய்கள்தானே.

அங்கே நான் மறக்காத காட்சி செங்கால் வல்லூறு. மரப்பெட்டி ஒன்றின் விளிம்பில் ஆண் பறவை உட்கார்ந்திருந்தது. உடல் முழுக்கச் சிலேட்டுச் சாம்பல், கால்களும் கண்ணைச் சுற்றிய வளையமும் மட்டும் செக்கச் சிவப்பு. இந்தப் பறவை தானாகக் கூடு கட்டாது. ரூக் என்கிற காக்கை இனம் கூட்டமாகக் கட்டிவிட்டுப் போன பழைய கூடுகளில் குடியேறும். ரூக்குகள் குறைந்தபோது வல்லூறுகளுக்கும் வீடில்லாமல் போனது. அதனால் ஆராய்ச்சியாளர்கள் மரங்களில் பெட்டிகளை மாட்டினார்கள், வல்லூறுகளும் வந்து சேர்ந்தன. பக்கத்துப் பெட்டியில் பெண் பறவை தலையை மட்டும் நீட்டி, ஆண் கொண்டுவந்த வெட்டுக்கிளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. முப்பது மீட்டர் தூரம்தான் இருக்கும். ஆப்பிரிக்காவின் தென்பகுதி வரை போய்வரும் பறவை அது.

பெரும் கானமயில் பார்க்க வேண்டும் என்றால் ஹோர்டோபாகியை மட்டும் நம்பக் கூடாது. இன்னும் தெற்கே டேவாவான்யா பக்கம் போவது நல்லது. ஏப்ரலில் ஆண் பறவை தன் இறகுகளைத் திருப்பி விரித்துக்கொண்டு வெள்ளை நுரைப்பந்து மாதிரி நிற்கும். அதைப் பார்க்கும்போது தார் பாலைவனத்தில் 150-க்கும் குறைவாக மிஞ்சியிருக்கும் நம் கானமயில் நினைவுக்கு வராமல் இருக்காது. நம் கானமயிலைக் கொல்வதில் முன்னால் நிற்பது மின்கம்பி. ஹங்கேரி–ஆஸ்திரியா எல்லைப் பக்கத்தில் கானமயிலுக்காகவே சில மின்பாதைகளை மண்ணுக்கடியில் கொண்டுபோய்விட்டார்கள். செய்ய முடிகிற வேலைதான் அது. நமக்கு அந்த அவசரம் இன்னும் வரவில்லையே என்ற வருத்தத்தோடுதான் அங்கிருந்து திரும்பினேன்.

இத்தனை வசதி இருந்தும் என் முதல் தேர்வு கொர்கல்ஜின்தான்.

தலைநகர் அஸ்தானாவிலிருந்து தென்மேற்கே சுமார் 130 கிலோமீட்டரில் கொர்கல்ஜின் கிராமம். அதைத் தாண்டித்தான் காப்பகம். 2008-இல் நவுர்சூம் காப்பகத்தோடு சேர்த்து 'சர்யார்கா' என்ற பெயரில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இரண்டும் சேர்ந்து நாலரை லட்சம் ஹெக்டேர். நூரா ஆறு பனி உருகிய வெள்ளத்தைக் கொண்டுவந்து முதலில் நன்னீர் ஏரிகளை நிரப்புகிறது. மிச்சத் தண்ணீர் போய்ச் சேரும் தெங்கிஸ் ஏரிக்கு வெளியேறும் வழி கிடையாது, அதனால் உப்பேரி. நன்னீர்ப் பக்கம் நாணலும் டால்மேஷியன் கூழைக்கடாவும், உப்புப் பக்கம் பூநாரையும். உலகில் மிக வடக்கே பூநாரை கூடு கட்டும் இடம் இதுதான் என்கிறார்கள். ஆனால் அந்தக் கூட்டுத் திட்டுகளுக்குப் பயணிகளை விடமாட்டார்கள். தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாகப் பார்க்கலாம், அவ்வளவுதான். கூட்டுக்குக் கிட்டப் போகிறோம் என்று யாராவது ஆசை காட்டினால் அவரோடு போகாதீர்கள்.

ஏரிக்கு வெளியே, புல்வெளிதான் கொர்கல்ஜினின் உயிர். கருப்பு வானம்பாடியை முதலில் பார்த்தபோது அது வானம்பாடி என்றே தோன்றவில்லை. முழுக் கருப்பு, வெளிறிய தடித்த அலகு. வேலிக்கம்பத்திலிருந்து எழும்பி, இறக்கையை மெதுவாக அடித்துக்கொண்டு, ஒரு பெரிய வண்ணத்துப்பூச்சி போல மிதந்து இறங்கியது. கடும் பனிக்காலத்திலும் இந்த ஆண் பறவைகளில் பல ஊரைவிட்டுப் போவதில்லை.

நான் போனதே ஆள்காட்டி இனத்துப் பறவை ஒன்றுக்காக. சோசியபிள் லாப்விங் என்பார்கள். நம் வயல்களில் கத்தித் திரியும் ஆள்காட்டிக்கு நெருங்கிய சொந்தம், இன்று அழிவின் விளிம்பில் நிற்கும் பறவை. ஆளில்லாத புல்வெளியில் தேடப்போகிறோம் என்று நினைத்தேன். வழிகாட்டி கிராமத்துக் கடைசி வீட்டுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினார். மாடும் குதிரையும் மேய்ந்து ஒட்டக் கத்தரித்த மாதிரி இருந்த தரை. அங்கங்கே காய்ந்த சாணம். கருப்பு உச்சந்தலையும் அதைச் சுற்றி வெள்ளைப் பட்டையுமாக ஒரு பறவை சாணத்துக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அடிவயிற்றில் கருப்பும் செம்பழுப்பும் கலந்த திட்டு. அது எழுந்த பிறகுதான் அடைகாத்துக்கொண்டிருந்தது புரிந்தது. உடனே வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னோம்.

இந்தப் பறவைக்கு உயரமான புல் ஆகாது. 1991-க்குப் பிறகு சோவியத் பண்ணைகள் கலைந்து மந்தைகள் சுருங்கியபோது, மேய்ந்த தரை கிராமங்களைச் சுற்றி மட்டுமே மிஞ்சியது. பறவையும் அங்கேயே வந்து கூடு வைக்கிறது. அதே மாட்டின் குளம்பு முட்டையை மிதித்துவிடவும் செய்கிறது. வலசைப் பாதையில், மத்தியக் கிழக்கில் வேட்டைத் துப்பாக்கிகள். இதையெல்லாம் தாண்டி ஒரு பகுதி குஜராத், ராஜஸ்தான் பக்கம் வந்து குளிர்காலத்தைக் கழிக்கிறது. நான் பார்த்த பறவையும் கட்ச் வரை வந்துபோனதாக இருக்கலாம் என்ற எண்ணம் அன்றிரவு தூங்கவிடவில்லை.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். பொதுப் போக்குவரத்தை நம்ப முடியாது. வண்டியும் ஓட்டுநரும் வேண்டும், காப்பகத்துக்கு அனுமதியும் வேண்டும். மழை பெய்தால் மண்பாதை களிமண் குழம்பு. எங்கள் வண்டி ஒரு மதியம் முழுக்கச் சிக்கிக்கொண்டது. ஏப்ரலில் ஏரிகளில் பனிக்கட்டி கிடக்கும், ஜூனில் கொசு தாங்காது. மே நடுவிலிருந்து மாதக் கடைசி வரைதான் சரியான காலம். புல்வெளியில் காட்டுத் துலிப் பூப்பதும் மே மாதத்தில்தான். கிராமத்து வீடுகளில் தங்கலாம், சாப்பாடு நன்றாகவே இருக்கும். சைவம் என்றால் ரொட்டி, உருளைக்கிழங்கு, தயிர், பவுர்சாக் என்ற பொரித்த மாவுருண்டை என்று ஓட்ட வேண்டியதுதான்.

செலவில் நமக்குச் சாதகம் உண்டு. டெல்லியிலிருந்து அல்மாட்டி நான்கு மணி நேரத்துக்குள், அங்கிருந்து அஸ்தானாவுக்கு இரவு ரயில். 2022 ஜூலை முதல் இந்தியக் கடவுச்சீட்டுக்கு 14 நாள் வரை விசா வேண்டாம் என்று அறிவித்திருக்கிறார்கள். கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஹங்கேரிக்கு ஷெங்கன் விசா வாங்க வேண்டும். அந்த அலைச்சலில் பாதி உற்சாகம் போய்விடும்.

மங்கோலியாவைக் கொக்குகளுக்காகவே தேர்ந்தெடுக்கலாம். கிழக்கே தவூரியப் புல்வெளி 2017-இல் உலகப் பாரம்பரிய இடமானது. வெண்பிடரிக் கொக்கு அங்கே கூடு கட்டுகிறது. இமயமலையைத் தாண்டி ராஜஸ்தானின் கீச்சனுக்கு வரும் டெமாய்செல் கொக்கை மங்கோலியாவில் பரவலாகக் காணலாம். வரித்தலை வாத்தும் உண்டு. அங்கே கழுத்துப் பட்டை மாட்டிய வாத்துகளைத் தென்னிந்தியாவில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் தூரம் மலைக்க வைக்கிறது. எல்லையோரம் போகத் தனி அனுமதி, வசந்தத்தில் புழுதிக்காற்று, மே வரை உறைந்து கிடக்கும் ஏரிகள். பத்து நாளில் பாதி வண்டியிலேயே போய்விடும் என்று போய்வந்த நண்பர்கள் சொல்கிறார்கள். மூன்று வாரம் கிடைத்தால் போகலாம்.

வயதான பெற்றோரையோ குழந்தைகளையோ அழைத்துப்போவதாக இருந்தால் நான் சொன்ன வரிசையை மாற்றி ஹோர்டோபாகியை முதலில் வையுங்கள். தனியாகவோ மூன்று நான்கு நண்பர்களாகவோ என்றால் கொர்கல்ஜின். இரண்டு நாள் மிச்சப்படுத்தி, திரும்பும் வழியில் அல்மாட்டிக்கு வடமேற்கே உள்ள தௌகும் பாலைவனப் பக்கமும் போய்வாருங்கள். மே கடைசியில் அந்தத் தெற்குப் பகுதிக்குச் சூறைக்குருவிகள் வந்துவிடும். வெட்டுக்கிளி மிகுந்த இடமாகப் பார்த்துக் கற்குவியல் இடுக்குகளில் கூட்டமாகக் கூடு வைக்கும். கருவேலங்காட்டில் மங்கிய நிறத்தில் பார்த்த பறவை அங்கே நல்ல ரோஜா நிறத்தில், தலையிறகைச் சிலிர்த்துக்கொண்டு, வாயில் வெட்டுக்கிளியோடு கல்மேல் நிற்கும்.