சியோல் ஓடையா, சிங்கப்பூர் ஆறா?

நகர ஓடைகளை மீட்பது பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் சியோலின் சோங்க்யேசோன்தான் எடுத்துக்காட்டாக வரும். நாம் பின்பற்ற வேண்டியது சிங்கப்பூரின் காலாங் ஆற்றை என்பேன்.

சியோல் செய்தது சின்ன வேலை இல்லை. ஓடையை மூடியிருந்த சாலையையும், அதன் மேலிருந்த மேம்பாலத்தையும் 2003இல் இடிக்கத் தொடங்கி, 2005இல் சுமார் 5.8 கிலோமீட்டர் நீரோட்டத்தைத் திறந்துவிட்டார்கள். கோடையில் பக்கத்துத் தெருக்களைவிட அங்கே சில டிகிரி குளிர்ச்சி. மீன்களும் திரும்பின. ஆனால் ஓடுவது பெரும்பாலும் ஹான் ஆற்றிலிருந்து பம்ப் செய்யும் தண்ணீர், நாளொன்றுக்குச் சுமார் 1,20,000 டன். பம்ப் நின்றால் ஓடை வற்றிவிடும். கனமழையில் ஓரத்து மதகுகள் திறந்து, சாக்கடை கலந்த மழைநீர் உள்ளே பாயும்.

காலாங் கதை வேறு. பீஷான்–அங் மோ கியோ பூங்காவின் ஓரமாக 2.7 கிலோமீட்டர் நேராகப் போன கான்கிரீட் கால்வாயை உடைத்து, பூங்காவுக்குள்ளேயே 3.2 கிலோமீட்டர் வளைந்து ஓடும் ஆறாக்கினார்கள். 2012இல் வேலை முடிந்தது. எனக்கு மிகவும் பிடித்தது கரை கட்டிய விதம். கான்கிரீட்டுக்குப் பதிலாக வேர்விடும் குச்சிக் கட்டுகள், நாணல், கற்கள், துணியில் பொதிந்த மண். வெப்பமண்டல மழையில் இதெல்லாம் நிற்குமா என்று 60 மீட்டர் நீளத்தில் முன்கூட்டியே சோதித்துப் பார்த்தார்கள். வேர் பிடிக்கப் பிடிக்கக் கரையும் உறுதியாகிறது.

அப்புறம் வெள்ளம். சாதாரண நாளில் அது குழந்தைகள் இறங்கி விளையாடும் சிற்றோடை. பெருமழையில் ஆறு சுமார் 100 மீட்டர் வரை அகலமாகி, புல்வெளியே வெள்ளத்தைத் தாங்கிக்கொள்கிறது. ஆட்களை எச்சரிக்க ஒலிபெருக்கியும் விளக்கும் உண்டு. பழைய கால்வாயைவிட இப்போது கூடுதல் நீரைக் கடத்துகிறது. யாரும் கொண்டுவந்து விடாமலேயே நீர்நாய்கள் குடும்பத்தோடு வந்துபோகின்றன.

சரி, சியோலால் இதைச் செய்திருக்க முடியுமா? கடினம்தான். நகர மையத்தில் இருபுறமும் கட்டடங்கள். சிங்கப்பூருக்கோ பக்கத்திலேயே 62 ஹெக்டேர் பூங்கா இருந்தது. ஆனால் இடம் இருக்கும் ஊரும் சியோலைப் பார்த்துக் கல்லும் நீரூற்றுமாக அடுக்கினால், அழகான வாய்க்கால் கிடைக்கும், ஆறு கிடைக்காது.

காலாங்குக்கு இன்னொரு முன்கதையும் உண்டு. சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் தூய்மையாக்கும் பணி 1977இல் தொடங்கிப் பத்தாண்டுகள் நடந்தது. சாக்கடையைத் தனிக் குழாய்க்கு மாற்றி, பன்றிப் பண்ணைகளை அகற்றிய பிறகுதான் கான்கிரீட்டை உடைக்கும் யோசனையே வந்தது.